மாவண்ணன் செய்த கோணல் பல்

எங்கள் முகாமின் பல் மருத்துவப் பிரிவுக்கு இரண்டு கதவுகள். முன்கதவு வழியாக வருகிறவர்கள் எல்லாரும் பயந்துகொண்டுதான் வருவார்கள். படைவீரன் மலை ஏறுவான், கயிற்றில் தொங்கி ஆற்றைக் கடப்பான், தலைக்கு மேல் குண்டு பறந்தாலும் கண் இமைக்க மாட்டான். என் கையில் இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்ததும் வந்த கதவைத் திரும்பிப் பார்ப்பான். அவனை நாற்காலியில் உட்கார வைப்பது, கழுத்தில் துணி கட்டுவது, "ஒண்ணும் வலிக்காதுப்பா" என்று கூசாமல் பொய் சொல்வது எல்லாம் நர்ஸான என் வேலை. பிடுங்குவது, அடைப்பது பல் டாக்டரான மேஜரின் வேலை. பல் சரியில்லாதவனைத் தொலைதூரக் காவலுக்கு அனுப்பக் கூடாது என்று படையில் விதி இருக்கிறது. பனிமலை உச்சியில் ஒருவனுக்குக் கடைவாய்ப் பல் வலித்தால் அவனைத் தூக்கிவர ஹெலிகாப்டர் போக வேண்டும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை முகாமே வாயைத் திறந்துகொண்டு எங்கள் வாசலில் வரிசையில் நிற்கும்.

பின்கதவு மாவண்ணனுடையது. அவர் பல் செட்டு செய்பவர். நாங்கள் வாயில் அச்சு எடுத்து, எங்கள் அறைக்கும் அவர் அறைக்கும் நடுச்சுவரில் இருக்கும் பொந்து வழியாக உள்ளே தள்ளுவோம். அவர் அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி வாயின் வார்ப்பை எடுப்பார். அதன்மேல் மெழுகு வைத்துப் பல் நட்டு, பிறகு மெழுகுக்குப் பதிலாக ஈறு நிறப் பிளாஸ்டிக்கை வார்த்து, மெருகேற்றி, அதே பொந்து வழியாக வெளியே தள்ளுவார். புருவத்தில், காதுமடலில், சட்டைப் பொத்தானில் எங்கும் மாவு. யார் அந்தப் பெயரை வைத்தது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது இறுகிப் போயிருந்தது.

அவர் படையில் சேர்ந்தது லாரி ஓட்டத்தான். கண் பரிசோதனையில் சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தது. சிக்னல் தெரியாதவனிடம் லாரியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க யாருக்கும் ஆசையில்லை. "பல்லுல சிவப்பும் இல்ல, பச்சையும் இல்ல, அங்க போ" என்று யாரோ ஒரு அதிகாரி கைகாட்டியிருக்கிறார். பயிற்சிக்குப் போனார். அப்புறம் முகாம் முகாமாக மாற்றல். எந்த ஊருக்குப் போனாலும் அவருக்குக் கிடைப்பது கட்டிடத்தின் பின்பக்கத்தில் ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர். எங்கள் முகாமில் அது தண்ணீர்த் தொட்டியின் சுவர். அதில் வழியும் பாசியை மட்டும் அவர் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்கு முடியட்டும் என்று ஒருமுறை தள்ளிப் போட்டார், அடுத்த தங்கைக்காக இன்னொரு முறை, வீட்டுக்கு மாடி எடுத்த பிறகு ஆகட்டும் என்று மறுபடியும். தள்ளித் தள்ளி, கடைசியில் தள்ளுவதற்கே ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. தங்கைகள் நன்றாக இருக்கிறார்கள். விசேஷங்களுக்கு அழைப்பார்கள். இவர் லீவு கிடைக்கவில்லை என்பார். லீவு கேட்டதே இல்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் லீவுக் காகிதம் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மனிதர்களை அவருக்கு முகத்தால் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியும் அந்தப் பின்னறைக்குள் போனதில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. வாய்தான் பொந்து வழியாகப் போய்விடுகிறதே. கேன்டீனில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனை யாரென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். அவன் எதற்காவது சிரித்தால் போதும், "இவருக்கு மேல் வரிசைல நாலு பல்லு நான் செஞ்சது" என்று என்னிடம் மெதுவாகச் சொல்வார். அவனிடம் சொல்ல மாட்டார். "போய்ச் சொல்லுங்களேன், சந்தோஷப்படுவான்" என்று நான் ஒருமுறை சொன்னேன். "பக்கத்துல ஆளு இருக்காங்க சிஸ்டர். பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சா அவருக்குச் சங்கடம்" என்றார்.

தனிமைதான் நிம்மதி என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் வீட்டில் கதவைத் திறக்க யாராவது இருப்பார்கள். மாவண்ணன் அப்படியெல்லாம் பேசியதில்லை. அவர் பேசியதே குறைவு. காலையில் பொந்து வழியாக "வந்துட்டேன் சிஸ்டர்" என்பார், சாயங்காலம் "கிளம்புறேன் சிஸ்டர்" என்பார். இரண்டுக்கும் நடுவில் மெருகேற்றும் மோட்டாரின் சத்தம்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த டிரைவர் வந்தார். படை லாரி ஓட்டுகிறவர். மலை இறக்கத்தில் பிரேக் போய், லாரியைப் பாறையில் முட்டி நிறுத்தியிருக்கிறார். ஸ்டீரிங் முகத்தில் இடித்து மேல்வரிசை முன்பற்கள் மொத்தமும் போய்விட்டன. பெரிய ஆஸ்பத்திரியில் தாடையைக் கட்டி, உதட்டைத் தைத்து, மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்து, கடைசியில் பல் கட்டுவதற்காக எங்களிடம் அனுப்பினார்கள். மனைவியும் நாலு வயதுப் பெண்குழந்தையும் முகாம் குடியிருப்பில் வந்து தங்கியிருந்தார்கள். பல் கட்டி, மிச்சமிருக்கும் லீவைக் குடும்பத்தோடு கழித்துவிட்டு, அவர் திரும்பவும் எல்லைக்குப் போக வேண்டும். அங்கே போனால் ஒரு வருஷத்துக்குத் திரும்ப முடியாது.

மேஜர் அச்சு எடுத்தார், நான் பொந்தில் தள்ளினேன், மாவண்ணன் பல் செய்தார். செய்தார் என்று சாதாரணமாகச் சொல்லக் கூடாது. அப்படி ஒரு வரிசையை நான் பார்த்ததில்லை. ஒன்றுக்கொன்று இடிக்காமல், ஒட்டாமல், வெளிச்சம் பட்டால் லேசாக மின்னுகிற மாதிரி. மேஜரே, "சினிமாக்காரனுக்குச் செய்ய வேண்டியதை நம்ம டிரைவருக்குச் செஞ்சுட்டாரே" என்று சிரித்தார். டிரைவர் பல்லை மாட்டிக்கொண்டு கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் கதவு திறப்பதற்கு முன்னாலேயே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"கடிக்குதா? எங்கயாவது உரசுதா?" என்று மேஜர் கேட்டார்.

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

டிரைவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "பாப்பா என்னை மாமான்னு கூப்பிடுது சார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கியது நல்லதாகப் போயிற்று. அவர் மெதுவாகச் சொல்லி முடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலேயே அவர் எல்லையில் இருந்ததால் குழந்தை அவரைப் பார்த்து வெகுநாள் ஆகிறது. தையலுக்காக மீசையை எடுத்தாகிவிட்டது. பல்லில்லாமல் வந்தபோது அது பயந்து அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டது. பல் கட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நேற்றுப் பல்லோடு போய்ச் சிரித்தார். குழந்தை பயப்படவில்லை. மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்து, "மாமா, எங்கப்பா எப்ப வருவாரு?" என்று அவரிடமே கேட்டிருக்கிறது.

"எனக்கு முன்னாடி இருந்த பல்லு கோணல் சார். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, பக்கத்துல இடைவெளி. அதைத்தான் அது தேடுது. அதே மாதிரி கோணலாச் செஞ்சு குடுங்க சார்."

மேஜர் நல்ல மனிதர். கோணலை நேராக்கச் சொல்லி வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார், நேரைக் கோணலாக்கு என்று யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, "இதை நான் சொல்லிப் புரிய வைக்க முடியாதுப்பா. நீயே பின்னாடி போய் அவர்கிட்ட பேசு" என்றார்.

அப்படித்தான் மாவண்ணனின் அறைக்குள் முதன்முதலாக ஒரு நோயாளி, வாய் மட்டுமில்லாமல் முழு ஆளாக நுழைந்தார்.

நான் பொந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்பது தப்புதான், ஆனால் பொந்து என் மேஜைக்கு நேர் மேலே இருந்தால் நான் என்ன செய்வது. மாவண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்காரச் சொல்ல அறையில் இன்னொரு நாற்காலி கிடையாது. பிளாஸ்டர் மூட்டையைத் தட்டி அதன்மேல் உட்கார வைத்தார். டிரைவர் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"நான் அழகா இருக்கட்டும்னு நினைச்சேன் தம்பி" என்றார்.

"அழகாத்தான் இருக்குண்ணே. ஆனா அது நான் இல்லையே."

"பழைய போட்டோ இருந்தா கொண்டாங்க."

போட்டோ வந்தது. படையில் சேர்ந்தபோது எடுத்தது, பதவி உயர்வின்போது எடுத்தது, கல்யாணத்தில் எடுத்தது. ஒன்றிலும் பல் இல்லை. படைப் போட்டோவில் சிரிக்க விட மாட்டார்கள், கல்யாணப் போட்டோவில் இவரே வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறார். கோணல் பல்லுக்கு வெட்கம். ஒரு மனிதன் ஆயுசு முழுக்க மறைத்து வைத்ததை இப்போது ஒரு ஆதாரமும் இல்லாமல் கண்டுபிடிக்க வேண்டும்.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு டிரைவரின் மனைவி வந்தார். எந்தப் பல் ஏறியிருந்தது என்று கேட்டால் இவர் இடது பக்கம் என்கிறார், அவர் வலது பக்கம் என்கிறார்.

"என் பல்லு எனக்குத் தெரியாதா?"

"தினமும் எதிர்ல நின்னு பாக்குறது நானா நீங்களா?"

இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மாவண்ணன் நடுவில் மெழுகுக் கத்தியோடு திருதிருவென்று விழித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பொந்து வழியாகத் தலையை நீட்டி, "எதிர்ல நிக்கிறவங்களுக்கு அவர் இடது வலதாத்தான் தெரியும். ரெண்டு பேரும் ஒரே பல்லைத்தான் சொல்றீங்க" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். மாவண்ணன் சிரித்து நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். கரகரவென்று, நாள்பட்ட தாழ்ப்பாளைத் திறந்த மாதிரி இருந்தது.

அப்புறம் அவர் ஒரு வேலை செய்தார். டிரைவரின் கீழ்வரிசையை விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கீழ்ப்பற்கள் விபத்தில் தப்பியவை. மேல்பல் எங்கெங்கே வந்து உட்கார்ந்ததோ அங்கங்கே கீழ்ப்பல் தேய்ந்திருக்கும். ஒரு பல்லின் நுனி சரிவாகத் தேய்ந்திருந்தது, அதற்கு அடுத்தது தேயவே இல்லை. "இங்க ஏறியிருக்கு, இங்க எடம் விட்டிருக்கு" என்று முனகிக்கொண்டே மெழுகில் பல்லைத் திருப்பினார். எவ்வளவு இடைவெளி என்பதுதான் தெரியவில்லை. அதற்கு மனைவிதான் வழி சொன்னார். குழந்தை தூங்கும்போது சுண்டுவிரலை அப்பாவின் பல்லிடுக்கில் வைத்துக்கொள்ளுமாம். தன் சுண்டுவிரலின் நுனியைக் காட்டி, "இதுல பாதி இருக்கும்ணே" என்றார். மாவண்ணன் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மெழுகில் பல் நட்டு, வாயில் வைத்துப் பார்த்து, கழற்றித் திருத்தி, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் டிரைவர் அடிக்கடி வர ஆரம்பித்தார். காலையில் வந்தால் மத்தியானம்வரை பிளாஸ்டர் மூட்டைமேல்தான் இருப்பார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். மெருகேற்றும் மோட்டாரின் பெல்ட்டை மாற்றினார், கதறிக்கொண்டிருந்த மின்விசிறிக்கு எண்ணெய் விட்டார். எந்தக் கணவாயில் எப்போது பனி மூடும், எந்த வளைவில் ஹாரன் அடித்தால் எதிரொலி எதிரே வண்டி வருகிற மாதிரியே ஏமாற்றும் என்றெல்லாம் சொல்வார். மாவண்ணன் கேட்டுக் கேட்டு வாயைப் பிளப்பார். ஓட்டக் கிடைக்காத லாரியை எல்லாம் அவர் அந்த அறையில் உட்கார்ந்தே ஓட்டினார் என்று நினைக்கிறேன்.

"கியரை எப்ப மாத்தணும்னு எப்படித் தம்பி தெரியும்?"

"சத்தத்துல தெரியும்ணே. உங்க மோட்டார் சத்தத்துல பல்லு தேயிறது உங்களுக்குத் தெரியுதுல்ல, அது மாதிரிதான்."

மாவண்ணன் தலை சீவிக்கொண்டு வர ஆரம்பித்தார். சட்டையில் மாவு இல்லை. எங்கிருந்தோ இரண்டாவது நாற்காலி ஒன்று வந்தது. டீக்கடைக்காரர் பின்கதவில் இரண்டு கிளாஸ் வைத்துவிட்டுப் போனார். "என்ன மாவண்ணே, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று நான் சீண்டினால், "போங்க சிஸ்டர்" என்று பொந்தின் கதவைச் சாத்திக்கொள்வார். சாத்தின கதவுக்குப் பின்னால் மறுபடி அந்தக் கரகரச் சிரிப்பு கேட்கும்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, லீவு என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால். வாரங்கள் போய்க்கொண்டிருந்தன. டிரைவரின் முகம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுருங்கி வந்தது. வீட்டில் பல்லில்லாமல்தான் இருந்தார். நேர்ப்பல்லை மாட்டினால் 'மாமா' ஆகிவிடுகிறாரே. குழந்தை இப்போதெல்லாம் பயப்படவில்லை, ஆனால் அவர் அறைக்குள் வந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு அவர் போகும்வரை காத்திருக்கிறதாம். "இப்படியே எல்லைக்குப் போயிட்டேன்னா, அடுத்த தடவை வரும்போது அதுக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கும் சிஸ்டர். அப்புறம் நான் மாமாதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நான் மேஜரிடம் கேட்டேன். "மெழுகுப்பல்லை நான் பார்த்துட்டேனே சிஸ்டர். சரியா உக்காந்திருச்சு, வார்த்துடலாம்னு போன வாரமே சொல்லிட்டேன்" என்றார்.

போன வாரமே சொன்ன வேலை ஏன் வெளியே வரவில்லை? மாவண்ணன் கேன்டீனுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பின்னறைக்குள் போனேன். மேஜைமேல் ஒரு மெழுகுப்பல் இருந்தது, வழக்கம்போல் பாதி திருத்தியபடி. அலமாரியைத் திறந்தேன். பழைய வாய்களின் வார்ப்புகளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தம்ளர், ஒரு தட்டால் மூடியிருந்தது. செய்து முடித்த பல் செட்டைக் காய விட்டால் நெளிந்துபோகும், தண்ணீரில்தான் போட்டு வைக்க வேண்டும். தம்ளரின் அடியில் டிரைவரின் பல் செட்டு கிடந்தது. வார்த்து, மெருகேற்றி, எல்லாம் முடிந்தது. ஒரு பல் இன்னொன்றின்மேல் ஏறி, பக்கத்தில் சுண்டுவிரலில் பாதி இடைவெளி விட்டு, அசல் மனிதப் பல்லாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் தம்ளரை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே வந்தார், என் கையைப் பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"இது எப்ப முடிஞ்சது?"

அவர் பின்கதவைச் சாத்தினார்.

"எனக்குக் காது குத்தாதீங்கண்ணே. முடிச்சு ஒளிச்சு வச்சுட்டு, அந்த மனுஷனைத் தினமும் வர வச்சு மெழுகைச் சொரண்டிக்கிட்டு இருக்கீங்க. அவருக்கு இன்னும் எத்தனை நாள் லீவு இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சிஸ்டர்."

"தெரிஞ்சுமா?"

அவர் இரண்டாவது நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை. "குடுத்துட்டா வர மாட்டாரே" என்றார்.

நான் சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வாய் ஓயாத பெண் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அன்றைக்கு அவர் பார்த்திருக்க வேண்டும்.

"ஒவ்வொரு நாளும் நாளைக்குக் குடுத்துடலாம்னுதான் நினைக்கிறேன்" என்றார் மாவண்ணன். "காலைல அவர் வந்து அண்ணேங்கிறாரு. சரி, இன்னைக்கு ஒரு நாள்னு தோணுது. தப்புதான். அந்தக் குழந்தையோட நாளை எடுத்து நான் வச்சுக்கிட்டேன்."

"நாளைக்குக் காலைல குடுத்துடுங்க."

"குடுத்துடுறேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்."

நான் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் டிரைவரும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். பல்லை மாட்டியதும் அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். "இதுதான்" என்றார். டிரைவர் மாவண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மாவண்ணன் கீழே பார்த்துக்கொண்டே, "போறதுக்கு முன்னாடி பாப்பாவ ஒரு தடவை கூட்டிட்டு வாங்க தம்பி. நான் பாத்ததில்லையே" என்றார்.

டிரைவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மனைவிதான் சொன்னார். "கோச்சுக்காதீங்கண்ணே. இத்தனை நாள் வீட்டுல இருந்தது வேற மாமா, நாளைக்கு அப்பா வர்றாருன்னு பாப்பாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். இவர் இன்னைக்கு ராத்திரி பாரக்ல மத்த வீரர்களோட படுத்துட்டு, நாளைக்குப் பையை எடுத்துக்கிட்டு ஊர்லேருந்து வர்ற மாதிரி வருவாரு. இது செஞ்ச பல்லுன்னு தெரிஞ்சுட்டா அது மறுபடியும் சந்தேகப்படும். இங்க கூட்டிட்டு வந்தா எதையாவது பாத்துட்டுக் கேக்கும். குழந்தை இல்லையா."

"ஆமாமா, குழந்தை. அதான் சரி" என்றார் மாவண்ணன். இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் டிரைவரின் வீட்டில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. யாரும் வந்து சொல்லவில்லை. பின்கதவில் டீக்கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு கிளாஸ் வைத்துவிட்டுப் போனார். ஒன்று ஆறிப்போய் ஆடை படிந்து அப்படியே இருந்தது. நான் ஏதாவது பேச்சுக் கொடுத்தால் மாவண்ணன் பதில் சொன்னார், நன்றாகத்தான் சொன்னார், ஆனால் மோட்டாரை நிறுத்தவில்லை.

அந்த வாரக் கடைசியில் வேலை முடிந்து பஸ் நிலையத்துக்குப் போனேன். எனக்கு வீடு ஊருக்குள். தினமும் அங்கேதான் பஸ் பிடிப்பேன். பழக்கடைப் பக்கத்தில் மாவண்ணன் நின்றுகொண்டிருந்தார். முகாமை விட்டு அவர் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட சட்டை, ஷூவுக்குப் பாலிஷ்.

"எங்கண்ணே இந்தப் பக்கம்?"

"சும்மாதான் சிஸ்டர்" என்றார். அப்புறம், என்னிடம் மறைத்துப் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். "இன்னைக்கு அஞ்சு மணி பஸ்ல அவங்க ஊருக்குப் போறாங்கன்னு தம்பி அன்னைக்கே சொன்னாரு. மிச்ச லீவு அங்கதானாம். தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடலாம்னு."

சொல்லி வாய் மூடவில்லை, அவர்கள் வந்துவிட்டார்கள். மனைவியின் கையில் பை, டிரைவரின் இடுப்பில் குழந்தை. மீசை மறுபடி முளைத்திருந்தது. அவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். குழந்தை அவர் சிரிக்கிற நேரம் பார்த்து, ஜாக்கிரதையாக, சுண்டுவிரலை அந்த இடுக்கில் கொண்டுபோய் வைத்தது. அவர் கடிப்பது மாதிரி செய்தார். அது கிக்கிக்கென்று சிரித்து விரலை எடுத்தது, மறுபடியும் வைத்தது. நான் மாவண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாய் திறந்திருந்தது. அத்தனை சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததேயில்லை.

எங்கள் பஸ் நிலையத்தில் நடைபாதை அகலம் கிடையாது. அவர்கள் பழக்கடையை ஒட்டித்தான் போக வேண்டியிருந்தது. டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. மனைவி சொன்னதெல்லாம் அந்த நொடியில் அவருக்கு மறந்தே போயிற்று என்று நினைக்கிறேன், கையை உயர்த்தி, "அண்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

மாவண்ணன் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கடைக்காரரிடம், "இந்தப் பழம் இனிக்குமா?" என்று கேட்டார். கடைக்காரர் இனிக்கும் என்றார். "பழுத்திருக்கா?" என்றார். பழுத்திருக்கிறது என்று சொன்ன பிறகும் ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்கள் எங்கள் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தார்கள்.

"யாருப்பா அது?" என்று குழந்தை கேட்டது.

டிரைவர் உயர்த்திய கையைக் கீழே இறக்கினார். "தெரியலடா கண்ணு" என்றார். "யாரோ ஒரு சார். பஸ்ஸுக்கு நிக்கிறாரு."

அவர்கள் போய் பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னல் பக்கத்தில் டிரைவர் உட்கார்ந்தார், மடியில் குழந்தை. அவர் எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை, எதிர்ப்பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் வளைவில் திரும்பிய பிறகுதான் மாவண்ணன் பழத்தைக் கீழே வைத்தார்.

"கவனிச்சீங்களா சிஸ்டர்?" என்றார். "முன்பல் புதுசாக் கட்டினவங்களுக்கு 'ஸ்'னு வர்ற எடத்துல காத்து நழுவி விசிலடிக்கும். அந்த மாதிரி கோணலுக்கு இன்னும் அதிகமா அடிக்கும்னு எனக்குப் பயமாவே இருந்துச்சு. பஸ்ஸுன்னு சொன்னாரே. விசில் வரலை."

"வரலைண்ணே" என்றேன்.

"சுத்தமா வரலை."

வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுப் போகலாம், என் வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார் என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தேன்.

"இன்னொரு நாள் வர்றேன். வேலை கெடக்கு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு முகாம் பக்கம் நடந்தார்.

மேஜர் இரண்டு நாளாக லீவில் இருந்தார். பொந்து வழியாக நான் மாவண்ணனுக்கு ஒரு அச்சுகூடத் தள்ளியிருக்கவில்லை.